கன்னத்தில் ஒதுக்கிய பாலன்

மாவில் ஆரஞ்சுப்பூத் தண்ணீரை விட்டுப் பிசையும்போதே பிரிஸ்காவுக்குக் குமட்டியது. வாசனையில் ஒரு குறையும் இல்லை. அதைத் தின்னப்போகிற வாய்களை நினைத்தாள், அவ்வளவுதான்.

"அவனுங்களுக்கா பாதர்? என் கையாலயா?" என்று அவள் முதலில் கேட்கத்தான் செய்தாள்.

பாதர் கமீலோ அவளுடைய பேக்கரியில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். "உன் கையாலதான். வேற யார் சுட்டாலும் ரெண்டு பேரும் தொட மாட்டாங்க. விஷம்னு பயப்படுவாங்க."

"நான் வைக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"அவங்க செத்தா உனக்கு என்ன லாபம்? உனக்கு அவங்க பேசணும்."

அது சரிதான். சான் ஹசிந்தோ ஊருக்கு மேலே, அபினுக்காகக் கசகசா விளையும் மேடு. அது எலாடியோவின் கும்பலுக்கு. கீழே ஆற்றங்கரை, இடக்கையன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவனின் கும்பலுக்கு. நடுவில் ஊர், இருவருக்கும் மாமூல் கட்டிக்கொண்டு, இருவரிடமும் அடி வாங்கிக்கொண்டு. பிரிஸ்காவின் மகன் நெரேயோ வேன் ஓட்டினான். ஊரிலிருந்து ஆற்றங்கரைச் சந்தைக்கு ஆள் ஏற்றிப் போவான். ரெண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் வேன் மட்டும் ரோட்டோரமாக நின்றது. கதவு திறந்திருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஓட்டினவனைக் காணோம்.

உயிரோடு இருக்கிறானா என்று கேட்பதை அடுத்து வந்த மழைக்காலத்தோடு நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஒரே கேள்விதான். எங்கே?

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அவள் முதலில் போனது எலாடியோவிடம். காரணம் இருந்தது. அவன் பெரிய ஆளாவதற்கு முன்னால், அவள் புருஷனோடு லாரியில் கிளீனராக இருந்தவன். நெரேயோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவன்தான் ஞானத்தகப்பன். குழந்தையின் கழுத்தில் வெள்ளிப் பதக்கம் போட்டவன். பிள்ளையைப் பெற்றவர்கள் ஞானத்தகப்பனை 'கொம்பாத்ரே' என்பார்கள், அவன் பிள்ளையின் தாயை 'கொமாத்ரே' என்பான். கூடப்பிறந்தவனைக்கூடத் திட்டலாம், கொம்பாத்ரேயைத் திட்டக் கூடாது. அவனும் அப்படித்தான். கூடப்பிறந்தவனுக்குத் துரோகம் செய்தாலும் கொமாத்ரேக்குச் செய்யக் கூடாது.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா என் ஞானப்பிள்ளை மேல ஒருத்தன் கை வச்சிருப்பானா, கொமாத்ரே? ஆத்துக்காரனுங்க வேலை இது" என்று எலாடியோ அன்றைக்கு அழுதான். நெரேயோவுக்காகப் பூசை வைத்தான். நூறு மெழுகுவர்த்தி ஏற்றினான். அவளும் நம்பினாள்.

இப்போது பாதர் ஒரு சமாதானப் பேச்சு ஏற்பாடு செய்திருந்தார். ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று, கோயில் கூடத்தில், ராஜாக்கள் ரொட்டி வெட்டும் சாக்கில். அன்றைக்கு எந்த வீட்டிலும் அந்த வளைய ரொட்டி இருக்கும். அதற்குள் சுண்டுவிரல் அளவு பாலன் இயேசு பொம்மை ஒன்று புதைந்திருக்கும். யார் துண்டில் பாலன் வருகிறாரோ அவர், பிப்ரவரி ரெண்டாம் தேதி, மெழுகுதிரித் திருநாளில், மேசையில் இருந்த அத்தனை பேருக்கும், சோளமாவை மக்காச்சோளத் தோலில் பொதிந்து, தமால் அவித்து விருந்து வைக்க வேண்டும். தப்பிக்க முடியாது.

"விருந்து அன்னைக்குத்தான் விஷயமே" என்றார் பாதர். "ராஜாக்கள் திருநாள்ல சண்டையை நிறுத்தறாங்க. பிப்ரவரி ரெண்டுல விருந்துல உட்கார்ந்து, தூக்கிட்டுப் போன பிள்ளைங்க எங்கே கிடக்கறாங்கன்னு ரெண்டு பேரும் சொல்லணும். அதுதான் ஒப்பந்தம்."

"பாலன் எலாடியோ துண்டுல வந்தா, அவர் வீட்டுக்கு இடக்கையன் போவானா?"

"போக மாட்டான். இடக்கையனுக்கு வந்தா எலாடியோ போக மாட்டான். அதனால..." பாதர் குரலைத் தாழ்த்தினார். "பாலன் எனக்கு வரணும். விருந்து கோயில்ல நடக்கும். பாலன் எங்கே இருக்காருன்னு ஒரு அடையாளம் மட்டும் போட்டுடு."

"பாதர், இது மோசடி."

"சின்ன மோசடி. பெரிய மோசடிக்காரனுங்க நடுவுல."

பிரிஸ்கா ஒத்துக்கொண்டாள். திருநாள் அன்று கோயில் அடுப்படியிலேயே மாவைப் பிசைந்து, வளையம் முழுக்கச் சிவப்புப் பழக் கீற்றுகளை அடுக்கினாள். பாலன் இருந்த இடத்தின்மேல் மட்டும் பச்சைக் கீற்று ஒன்றை வைத்தாள்.

*

கூடத்துக்கு வெளியே துப்பாக்கிகளை ஒரு பழைய ஞானஸ்நானத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். எலாடியோவின் ஆட்கள் ஒரு பக்கம், ஆற்றுக்காரர்கள் எதிர்ப்பக்கம். நடுவில் பாதர். அவர் பக்கத்தில் ரெனாத்தா என்ற இளம் வக்கீல். தலைநகரத்தில் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்துவதற்காகப் போட்ட குழுவிலிருந்து ஊர்ஊராகக் கருத்துக் கேட்டு வருகிறவள். கடைசியில் கசகசா விவசாயிகளின் சார்பாகக் கிழவர் மகாரியோ. மாநில அரசாங்கத்துக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது காலியாகவே இருந்தது. எலாடியோவின் ஆள் ஒருவன் அதில் தன் தொப்பியை வைத்தான்.

பிரிஸ்கா ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"முதல்ல நீங்க வெட்டுங்க பாதர்" என்றான் இடக்கையன். ஒல்லியான ஆள். வலது கையில் மூன்று விரல்தான் மிச்சம். அதனால்தான் அந்தப் பெயர். "நீங்க தின்னு, கால் மணி உயிரோட இருந்தா நாங்க தின்னறோம்."

ஆற்றுக்காரர்கள் சிரித்தார்கள்.

பாதர் கத்தியை எடுத்தார். பாவம், நல்ல மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லை. கத்தி கைக்கு வந்ததுமே கண் பச்சைக் கீற்றில் போய் ஒட்டிக்கொண்டது. தட்டை ஒரு தடவை தன் பக்கம் திருப்பினார். நெற்றி வியர்த்தது.

எலாடியோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னைக் கொல்ல வருகிறவனின் கண்ணைப் படித்துப் படித்தே இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறவன் அவன். பாதரின் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தான். எல்லாம் சிவப்பு, ஒன்று மட்டும் பச்சை. அவன் கணக்குச் சுலபமாக முடிந்தது: பாதர் தனக்கென்று ஒதுக்கி வைத்த துண்டு அதுதான், அதில் மட்டும்தான் விஷம் இல்லை.

"குடுங்க பாதர். பெரியவங்க முதல்ல" என்று கத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கி, பச்சைக் கீற்று இருந்த துண்டை வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

பாதருக்கு முகம் வெளுத்தது. பிரிஸ்கா சாக்லேட் கஞ்சிப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

எலாடியோ கடித்தான். இரண்டு மெல்லு மெல்லினான். தாடை நின்றது. கண் ஒரு நொடி எங்கேயோ போய்விட்டு வந்தது. பிறகு இடது கன்னம் லேசாகப் புடைத்தது. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். மறுபடி மென்றான், வலது பக்கமாக மட்டும்.

பிரிஸ்காவுக்கு இது புதிதல்ல. நெரேயோ கைக்குழந்தையாக இருந்த வருஷம், அவள் வீட்டு மேசையில் எலாடியோ இதே கன்னத்தில் இதேபோல் பாலனை ஒதுக்கினான். தமால் செலவுக்குப் பயந்து எல்லா வீட்டிலும் யாராவது ஒருத்தர் செய்கிற வேலைதான். அன்றைக்கு அவள் புருஷன் அவன் முதுகில் அடித்துத் துப்ப வைத்தான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையையே வளைத்துப் போட்டிருக்கிறவன், ஒரு வேளைச் சோறு போடாமல் தப்பிக்கப் பாலனைக் கன்னத்தில் அடக்குகிறான். பாலன் வரவில்லை என்றால் விருந்து இல்லை. விருந்து இல்லை என்றால் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

மற்றவர்கள் வெட்டித் தின்றார்கள். ரெனாத்தா தன் பேச்சைத் தொடங்கினாள். அபின் பாலை அரசாங்கமே உரிமம் கொடுத்து, வாங்கி, மருந்து செய்ய அனுப்பும். போதைக்கு அடிமையானவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். இதுதான் திட்டம் என்றாள். ஊர் என்ன நினைக்கிறது?

"வாங்குவீங்கன்னா நல்லதுதாம்மா" என்றார் மகாரியோ. "விலை இருந்த காலத்துல பட்டாளம் வந்து செடியை வெட்டுச்சு. இப்போ விலை இல்லை, வெட்டக்கூட ஒருத்தனும் எட்டிப் பார்க்கலை. கெட்டவனாக்கூட எங்களை மதிக்க மாட்டேங்கறாங்க."

"ரொம்ப நல்ல சட்டம்" என்றான் எலாடியோ. 'ல்ல'வும் 'ட்ட'வும் கொழகொழவென்று வந்தன. "நான் ஆதரிக்கிறேன். என் மச்சான் பேர்ல கூட்டுறவு சங்கம்கூடப் பதிவு பண்ணியாச்சு. உரிமத்தை அங்கேயே குடுத்துடலாம்."

"அதுக்குள்ளயா? சட்டமே இன்னும் வரலையே" என்றாள் ரெனாத்தா.

"நீங்க நிதானமா வாங்க. நாங்க முன்னாடி போய் உட்கார்ந்திருக்கோம்."

இடக்கையன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "வக்கீலம்மா, கசகசா செத்துப் பல நாளாச்சு. துறைமுகத்துல போதைப் பவுடர் வந்து இறங்குது. ஒரு பை பவுடர் ஒரு மலை கசகசாவுக்குச் சமம். நாங்க இப்போ கோழியில வாழறோம்."

"கோழியிலயா?"

"கோழி, டாக்சி, சிமென்ட், மாவு. இதோ, இந்த ரொட்டி மாவுலகூட எங்களுக்குப் பங்கு உண்டு, கேளுங்க அந்தம்மாவை. கோழி விக்கறது சட்டப்படி குத்தமா? இல்லை. ஆனா மாமூல் வரலையா? நீங்க எதை வேணா சட்டமாக்குங்க. அது வந்து நிக்கற சந்தையில நாங்க நிப்போம்."

பெருமையாகச் சொன்னான், ஏதோ பரிசு வாங்கினவன் மாதிரி. அவன் ஆட்கள் தலையாட்டினார்கள்.

ரெனாத்தாவின் காது சிவந்தது. ஆனாலும் குரல் ஏறவில்லை. "சட்டம் உங்களை ஒழிக்கும்னு நான் சொல்லவே இல்லையே. செடி வச்ச பெரியவரை ஜெயில்ல போடறதை அது நிறுத்தும். ஊசி குத்திக்கற பையனைத் திருடன் மாதிரி நடத்தறதை நிறுத்தும். அவ்வளவுதான். உங்களை ஒழிக்கப் புதுச் சட்டம் எதுக்கு? கொலைக்குச் சட்டம் எப்பவோ இருக்கு. அதை நடத்தவேண்டியவன்தான்..." அவள் காலி நாற்காலியில் இருந்த தொப்பியைப் பார்த்தாள்.

யாரோ ஒருவன் கதவுப் பக்கம், ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் பார்த்தான்.

"இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றான் இடக்கையன். எல்லோரும் சிரித்தார்கள். ரெனாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

பேச்சு ஒப்பந்தத்துக்கு வந்தது. தூக்கிப் போன பிள்ளைகளைப் பற்றிப் பாதர் ஞாபகப்படுத்தினார். எலாடியோ எழுந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"கடவுள் சாட்சியா சொல்றேன். எங்க மேட்டுல ஒரு பிள்ளையும் இல்லை. என் ஞானப்பிள்ளையையே தூக்கிட்டுப் போனவங்க எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. என் கொமாத்ரே முகத்தைப் பார்த்துக் கேக்கறேன், நான் பொய் சொல்வேனா?"

கன்னத்தில் பாலன். வாயில் கடவுள் சாட்சி. பிரிஸ்கா அவனையே பார்த்தாள். பாலனை ஒளிக்கும்போது இருந்த அதே கண், அதே மெல்லாத தாடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழுதபோதும் இந்த முகம்தான் இருந்தது. அப்போது அவள் கண்ணீரைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"அது கெடக்கட்டும். பாலன் எங்கே?" என்றான் இடக்கையன்.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். ரொட்டி முழுக்கத் தீர்ந்திருந்தது.

"பாலன் இல்லாத ராஜாக்கள் ரொட்டியா? எவனோ முழுங்கிட்டான். எல்லாரும் வாயைத் திறங்கடா!"

முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். பிறகு விளையாட்டு போய்விட்டது. "ஒரு பொம்மைக்கே ஏமாத்தறவன் ஒப்பந்தத்துல என்ன பண்ணுவான்? வாயைத் திறங்க, பார்க்கணும்."

எலாடியோ பிரிஸ்காவைப் பார்த்தான். அவன் கண்ணில் பயத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. குண்டுக்குப் பயப்படாதவன். ஆனால் எதிரியின் முன்னால், தன் ஆட்களின் முன்னால், தமாலுக்குப் பயந்து பாலனை ஒளித்தவன் என்று தெரிந்துவிட்டால் நாளை முதல் மலையில் ஒரு பொடியன்கூட அவன் பேச்சைக் கேட்க மாட்டான். பாட்டுக் கட்டிப் பாடுவார்கள்.

"இருங்க" என்றாள் பிரிஸ்கா. "நான் வைக்கவே மறந்திருப்பேன். அடுப்படியில கிடக்கும். போய்ப் பார்க்கறேன். கொம்பாத்ரே, கஞ்சிப் பானையை இறக்கணும், ஒரு கை குடுங்க."

கொமாத்ரே கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. அவன் பின்னால் வந்தான்.

*

அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு அவள் கையை நீட்டினாள்.

"துப்புங்க."

அவன் துப்பினான். பிளாஸ்டிக் பாலன், எச்சிலும் ரொட்டித் துகளுமாக அவள் உள்ளங்கையில் விழுந்தார். தலையில் பல் தடம்.

"கொமாத்ரே, சும்மா ஒரு பழக்கத்துல..."

"எங்கே?"

"என்ன எங்கே?"

"நெரேயோ."

"நான்தான் சொன்னேனே, ஆத்துக்காரனுங்க..."

பிரிஸ்கா கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். "கூடத்துல போய்ச் சொல்லட்டுமா? யார் வாயில இருந்துச்சுன்னு?"

"சொன்னா ஒப்பந்தம் உடையும். இன்னும் நாலு பிள்ளைங்க சாவாங்க. உங்களுக்கு அது சம்மதமா?"

"இல்லை. அதனாலதான் இங்கே கூப்பிட்டேன். சொல்லுங்க. நான் மறந்துட்டேன்னு சொல்லிடறேன். தமால் நானே அவிக்கறேன். எங்கே?"

அவன் சுவரைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். ஒரு தட்டில் மிச்சம் இருந்த ரொட்டித் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கை தன் பாட்டுக்குச் செய்த வேலை.

"பழைய சுண்ணாம்புக் காளவாய். கிணத்துக்குப் பின்னால."

அது மேடு. அவன் மேடு. கூடத்தில் அந்தப் பொய்யைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரியும். இருந்தாலும் காதால் கேட்பது வேறாக இருந்தது.

"ஏன்?"

"ஆத்து ஆளுங்களை வேன்ல ஏத்தாதேன்னு சொன்னேன். கேக்கலை."

"சந்தைக்குப் போற வேன். டிக்கெட் எடுத்தவனை ஏத்தாம?"

"மிரட்டிட்டு விடுங்கடான்னுதான் சொல்லி அனுப்பினேன். பசங்க கொஞ்சம் அதிகமாப் பண்ணிட்டாங்க. எனக்கும் வருத்தம்தான். பூசை வச்சேன் இல்லையா?"

பிரிஸ்கா அவனை அடிக்கவில்லை. அடித்தால் கையில் அவன் முகம் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. அவன் குழாயில் வாயைக் கொப்பளித்து, மீசையைத் துடைத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"ரொட்டி நல்லா இருந்துச்சு, கொமாத்ரே. ஆரஞ்சுப்பூ போட்டீங்களா?"

அவள் பாலனைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினாள். "மாவு மேடையில கிடந்தார். வயசாயிடுச்சு, மறந்துட்டேன். தப்பு என்னுது. விருந்து என் பேக்கரியில."

"இந்த மறதியில ரொட்டிக்கு உப்புப் போட்டீங்களே, அதுவே பெரிசு!" என்றான் இடக்கையன். சிரிப்பு வெடித்தது. எலாடியோதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். கையெழுத்தானது.

*

மறுநாள் காலை பிரிஸ்கா காளவாய்க்குப் போனாள். பிள்ளையைத் தொலைத்த மற்றப் பெண்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். போலீஸ் மத்தியானம் வந்தது, ஓரமாக நின்றது, போட்டோ எடுத்தது. எலாடியோ பொய் சொல்லியிருக்கவில்லை. பொய் சொல்லவேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. எந்தத் தாய் கேட்டிருந்தாலும் இதே இடத்தைத்தான் சொல்லியிருக்கலாம். அங்கே கிடந்தது நெரேயோ ஒருவன் அல்ல. முதல் நாள் தோண்டியதிலேயே ஐந்து தாய்மார்கள் தங்கள் பிள்ளையைக் கண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

நெரேயோவைப் பதக்கத்தை வைத்து அடையாளம் கண்டாள். கறுத்துப்போன வெள்ளி, பின்னால் அவன் பெயர், ஞானஸ்நானத் தேதி. அதை மட்டும் சங்கிலியிலிருந்து கழற்றித் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "அது அவன் கழுத்துல வேண்டாம்" என்றாள் பாதரிடம். அவர் கண் கீழே போயிற்று.

ஊருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காளவாய் யாருடைய மேட்டில் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் வேன்கள் ஓடத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. யாருக்கும் வாய் திறக்க மனமில்லை. ஆளுக்கொரு கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி ரெண்டாம் தேதி அவள் பேக்கரியில் மேசை போட்டாள். அதே ஆட்கள். ரெனாத்தாகூட தலைநகரத்திலிருந்து வந்திருந்தாள். சட்டம் குழுவிலேயே தள்ளிப்போய்விட்டது என்று பாதரிடம் தணிந்த குரலில் சொன்னாள். மகாரியோவுக்கு அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

எலாடியோ பெரிய மலர்வளையத்தோடு வந்தான். 'என் அன்பு ஞானப்பிள்ளைக்கு' என்று பட்டுத் துணியில் எழுதியிருந்தது. எல்லோர் முன்னாலும் பிரிஸ்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் மரக்கட்டை மாதிரி நின்றாள். அவன் போட்டிருந்த செண்டு வாசனை அவள் ஏப்ரனில் ஒட்டிக்கொண்டது.

பிறகு தமால் பரிமாறினாள். ஒவ்வொருவர் தட்டிலும் இரண்டு இரண்டு, ஆவி பறக்க, மக்காச்சோளத் தோலோடு. பானையின் அடியில் தனியாக, நூல் கட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்து எலாடியோவின் தட்டில் வைத்தாள்.

"உங்களுக்குன்னே பண்ணினது, கொம்பாத்ரே."

அவன் தோலை உரித்தான், கடித்தான். பல்லில் நறுக்கென்று சத்தம். தாடை நின்றது.

நாக்கால் புரட்டிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. வட்டம். விளிம்பு. துளை. அவன் கண் மெதுவாக உயர்ந்து அவள் கண்ணுக்கு வந்தது. அது எந்தப் பதக்கம் என்று அவன் தெரிந்துகொண்டான்.

துப்பு என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. துப்பி மேசையில் வை. எல்லோரும் பார்க்கட்டும். நீயும் ஒரு தடவை பார்.

இடது கன்னம் லேசாகப் புடைத்தது.

"எலாடியோ ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றான் இடக்கையன், வாய் நிறையச் சோளமாவோடு. "காளவாய் உன் மேட்டுலதானே? இன்னைக்குச் சொல்லணும்னு பேச்சு."

மேசை முழுக்க அவனைப் பார்த்தது. கன்னத்தில் உலோகத்தை வைத்துக்கொண்டு பேச முடியாது. பல்லில் பட்டால் காட்டிக்கொடுத்துவிடும். எலாடியோ தண்ணீர்க் கோப்பையை எடுத்தான். தலையை அண்ணாந்தான். தொண்டை முடிச்சு ஒரு தடவை மேலே போய் அங்கேயே நின்றது. முகம் கறுத்தது. கண்ணில் நீர் கோத்தது. மறுபடி ஒரு மடக்கு. முடிச்சு இறங்கியது.

அவன் எழுந்தான். ஈரக் கண்ணோடு, நெஞ்சில் கை வைத்து, தெளிவான குரலில் பேசினான்.

"ஆமா, என் மேடுதான். என் பேச்சை மீறிச் சில பசங்க பண்ணின காரியம். அவங்களைத் தண்டிச்சாச்சு. என் கொமாத்ரேக்கு அந்த இடத்தைக் காட்டினது யாரு? நான்தான். உண்மையை முதல்ல சொன்னது மேட்டுக்காரன்தான்னு எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும். இப்போ ஆத்துக்காரங்க சொல்லட்டும்."

பாதர் தலையைக் குனிந்துகொண்டார். எலாடியோவின் ஆட்கள் கை தட்டினார்கள். இடக்கையன் தோற்றுப்போனவன் மாதிரி உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஆற்றங்கரையில் ஒரு பாழுங்கிணறு எங்கே இருக்கிறது என்று சொன்னான். வாசலில் நின்ற, பிள்ளையைத் தொலைத்த பெண்களில் ஒருத்தியிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. இன்னொருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கிணறு இருந்த திசையில் அப்போதே நடக்கத் தொடங்கினார்கள்.

ரெனாத்தா எழுந்து அவர்கள் பின்னால் போனாள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

எலாடியோ உட்கார்ந்தான். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். வயிற்றை ஒரு தடவை தடவிக்கொண்டான். அவனுக்கு அதுவும் செரித்துவிடும் என்று பிரிஸ்காவுக்குத் தெரிந்தது. செரிக்காதது என்று அவனுக்கு எதுவுமே இல்லை.

"தமால் பிரமாதம், கொமாத்ரே" என்று காலித் தட்டை நீட்டினான். "இன்னொன்னு வைங்க."

பிரிஸ்கா பானையைப் பார்த்தாள். பாதிக்குமேல் இருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் அது தெரிந்தது.

அவள் மூடியை எடுத்துப் பானையை அழுத்தி மூடினாள்.

"தீர்ந்துபோச்சு" என்றாள்.